அப்பா பேப்பர் போடுகிறார். மகள் பேப்பரில் எழுத வருகிறார்!

கடைசிப் பரீட்சைக்கு முன்னால் மாணவி செய்த காரியம்

சென்னை, மே-

விடியற்காலை மணி 4. திருவல்லிக்கேணியில் பூட்டிய கடை ஒன்றின் வாசல்.

வேனில் இருந்து பேப்பர் கட்டுகள் தொப் தொப் என்று விழுகின்றன. தெரு விளக்கின் கீழே ஏழெட்டுப் பேர் குந்தி உட்கார்ந்து கட்டைப் பிரிக்கிறார்கள். இணைப்பை நடுவில் செருகுகிறார்கள். எண்ணுகிறார்கள். அடுக்குகிறார்கள்.

அவர்களில் ஒருவர் மட்டும் இளம்பெண். வயது 20. கண்ணில் தூக்கம் இருந்தாலும் கை ஓடிக்கொண்டே இருக்கிறது.

5 மணிக்குள் அப்பாவின் மொபெட்டில் கட்டை ஏற்றிவிட வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போய்க் குளித்து, பழையதோ இட்லியோ சாப்பிட்டு, காலேஜுக்கு ஓட வேண்டும். இதழியல் பட்டப் படிப்பில் கடைசி வருடம். அதிலும் கடைசி மாதங்கள்!

இது கடந்த மார்ச் மாதத்துக் காட்சி.

அப்பா 28 வருடமாக வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர். மகள் பேப்பரில் எழுதுவதற்காகப் படித்தவர்.

"மடிக்கிற கையே எழுதவும் போகுதுடா!" என்று கட்டுப் பிரிக்கும் இடத்தில் மற்றவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் பெருமையும் உண்டு.

ஆனால் படிப்பு முடியும் நேரத்தில் அந்தப் பெண் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டார். அது பரீட்சைச் சிக்கல் அல்ல. பணச் சிக்கல் மட்டும் அல்ல. அவரே எழுதிய ஒரு செய்தியால் வந்த சிக்கல்!

(தன் பெயரையும் கல்லூரியின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதற்கான காரணம் கடைசியில் தெரியும்.)

ஒண்டுக்குடித்தனம்

திருவல்லிக்கேணியில் ஒரு சந்து. ஆறு குடித்தனம் இருக்கும் பழைய வீடு. அதில் ஒரு அறையும் சமையல் கட்டும்தான் இவர்கள் பங்கு.

அம்மா ரவிக்கை தைக்கிறார். தம்பி பிளஸ்-2.

அந்தப் பெண் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவர். 6-ம் வகுப்பில் இருந்து பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது அல்லவா? அந்தப் பணம் இவருடைய பாங்கிக் கணக்கிலும் மாதா மாதம் விழுந்தது. அதில்தான் நோட்டு, ஜெராக்ஸ், செல்போன் செலவு எல்லாம்.

படிப்பு முடிந்தால் அந்தப் பணமும் நிற்கும். பஸ் பாசும் போகும்.

காலேஜ் பீசுக்காக அம்மாவின் ஒன்றரைப் பவுன் சங்கிலி அடகில் இருக்கிறது. ஜூன் மாதத்துக்குள் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏல நோட்டீஸ் வரும்.

"மஞ்சக் கயிறு போதும்மா எனக்கு. நீ படி" என்று அம்மா அடிக்கடி சொல்வார். சொல்லும்போது கழுத்தைத் தடவிக்கொள்வார். மகள் அதைப் பார்க்காத மாதிரி இருப்பார்.

அப்பாவின் கணக்கு வேறு.

"ஒரு காலத்துல நான் 300 வீட்டுக்குப் பேப்பர் போட்டேன். 2020-ல கொரோனா வந்துச்சு. பேப்பரைத் தொட்டா ஒட்டிக்கும்னு பயந்து நிறுத்தினாங்க. அப்ப நிறுத்தினவங்க பாதிப் பேர் திரும்பி வரலை. இப்ப 110 வீடு. நான் விக்கிற சாமான் எப்படிப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தத் தொழிலுக்கே போறேங்கிறியே கண்ணு!" என்பார் அவர்.

மகளிடம் அதற்குப் பதில் கிடையாது.

34 பேர், பல வழி

வகுப்பில் மொத்தம் 34 பேர். மார்ச் மாதம் பிறந்ததும் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "நீ எங்கே போறே?"

டி.வி.க்குப் போகிறேன் என்றவர்கள் உண்டு. அங்கே முதலில் கிடைப்பது திரைக்கு அடியில் ஓடும் எழுத்தை அடிக்கும் வேலை. ராத்திரி ஷிப்ட்.

யூடியூப் சேனல் ஆரம்பிக்கிறேன் என்றவர்கள் உண்டு. விளம்பரக் கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு. பி.எட். படித்து வாத்தியார் ஆகிறேன் என்றவர்கள் உண்டு. குரூப்-4 பரீட்சைப் புத்தகத்தை வகுப்பிலேயே மேஜைக்கு அடியில் வைத்துப் படித்தவர்களும் உண்டு.

"நான் பத்திரிகை ஆபீசுக்குப் போறேன்" என்று சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நம் மாணவிக்கு ஒரு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. மாதம் 18,000 ரூபாய் சம்பளம். என்ன வேலை தெரியுமா?

கம்ப்யூட்டரே கட்டுரை எழுதித் தள்ளும். அதில் தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். ஒரு நாளைக்கு 40 பக்கம். எங்கே நடந்தது, யார் சொன்னது என்று யாரும் கேட்க மாட்டார்கள்!

"எழுத்துப் பிழை இல்லாம இருந்தாப் போதும்மா" என்றாராம் அந்தக் கம்பெனி அதிகாரி.

18,000 ரூபாய் என்றதும் வீட்டில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். சங்கிலியை மீட்டுவிடலாம். தம்பியைக் காலேஜில் சேர்த்துவிடலாம்.

மகள் மட்டும் "யோசிச்சுச் சொல்றேன்ப்பா" என்றார்.

1 ரூபாய் 12 அணா

அந்த யோசனைக்கு ஒரு வாத்தியார்தான் காரணம். பல வருடம் பத்திரிகை ஆபீசில் இருந்துவிட்டு, பிறகு பாடம் நடத்த வந்தவர். ஜனவரியில் ஒரு நாள் வகுப்பில் அவர் ஒரு பழைய கதை சொன்னார். கதை அல்ல, நடந்த சரித்திரம்.

1878-ம் ஆண்டு. இதே திருவல்லிக்கேணி. ஆறு வாலிபர்கள். அவர்களில் இரண்டு பேர் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள். மீதி நான்கு பேர் சட்டம் படிக்கும் மாணவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் முத்துசாமி அய்யர் சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியானார். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவதா என்று வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. பதில் சொல்ல நமக்கு ஒரு பத்திரிகை வேண்டாமா என்று கிளம்பினார்கள் அந்த ஆறு பேர்.

கையில் காசு இல்லை. 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கினார்கள். 80 பிரதி அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20-ந் தேதி 'தி இந்து' பிறந்தது. முதலில் வாரப் பத்திரிகை. விலை 4 அணா.

அந்த ஆசிரியர்களில் ஒருவரான ஜி.சுப்பிரமணிய அய்யருக்கு அப்போது வயது 23. அவரேதான் 1882-ல் தமிழில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையையும் தொடங்கினார். அந்தப் பத்திரிகையில்தான் 1904-ல், 22 வயது நிரம்பும் முன்பே, உதவி ஆசிரியராக வந்து சேர்ந்தார் பாரதியார்.

வகுப்பே வாய் பிளந்து கேட்டது. நம் மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த நாலு மாணவர்களும் என்ன ஆனாங்க சார்?"

வாத்தியார் சிரித்தார்.

"படிப்பு முடிஞ்சதும் வக்கீல் தொழிலுக்குப் போயிட்டாங்க! ரெண்டு வாத்தியாருங்கதான் பத்திரிகையில நின்னாங்க. போனவங்களை நான் குறை சொல்ல மாட்டேன்மா. வயிறுன்னு ஒண்ணு இருக்கு. ஆனா படிப்பு முடியற நாள்ல ஒவ்வொருத்தரும் 'நான் நிக்கிறேனா, போறேனா'ன்னு தனக்குத்தானே கேட்டுக்கணும். மத்தவங்க கேட்டுச் சொல்ற பதில் இல்லை அது."

அந்தக் கேள்வி மாணவியின் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இட்லிக் கடைச் செய்தி

இதழியல் மாணவர்கள் சேர்ந்து ஒரு பயிற்சிப் பத்திரிகை நடத்துவார்கள். மாதத்துக்கு ஒரு தடவை நாலு பக்கம். செய்தி, படம், தலைப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேலைக்கு மனுப் போடும்போது அதில் வந்த தங்கள் செய்திகளை வெட்டி பைலில் வைத்து எடுத்துப் போவார்கள்.

பிப்ரவரி இதழில் நம் மாணவி ஒரு செய்தி எழுதினார்.

நகரத்தில் ஒரு பஸ் நிறுத்தம். பக்கத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஒரு பெண்மணி. கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். சாயங்காலம் 6 மணிக்கு அடுப்பு மூட்டினால் ராத்திரி 11 மணி வரை ஓயாது. பஸ் டிரைவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், மெஸ் மூடிவிட்டதே என்று தவிக்கும் மாணவர் எல்லோருக்கும் அவர் இட்லிதான்.

மாணவி நாலு நாள் போய்ப் பேசினார். நாலாவது நாள் அந்த அம்மாள் மனம் விட்டுப் பேசினார். பிள்ளைகள் படிப்பு, வட்டிக் கடன், மாவு அரைக்கும் கஷ்டம்... பேச்சோடு பேச்சாக, கடை நிம்மதியாக நடக்க யாருக்கோ 'மாமூல்' கொடுப்பதையும் சொன்னார்.

எல்லாவற்றையும் எழுதினார் மாணவி. பெயர் போட்டார். இடம் போட்டார். படம் போட்டார். மாமூலையும் போட்டார்!

வகுப்பில் ஒரே பாராட்டு. "சூப்பர் ஸ்டோரி" என்று தோழிகள் தோளில் தட்டினார்கள். யாரோ பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றியது.

எட்டாவது நாள்...

மாணவி அந்தப் பஸ் நிறுத்தத்தில் இறங்கினார். வண்டியைக் காணோம்! அடுப்புக் கரி படிந்த தரை மட்டும் இருந்தது. பக்கத்துப் பூக்காரம்மாதான் சொன்னார்.

"லாரி வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு கண்ணு. இட்லி குண்டான், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாத்தோடயும்."

மாணவி திடுக்கிட்டார். கால் கூசியது.

"ஊர்கிட்ட பேசலையே!"

அந்தச் செய்திதான் காரணமா? அப்படி யாரும் சொல்லவில்லை. நடைபாதையை அடைத்ததாகப் புகார் வந்தது என்றுதான் ஆபீசில் சொன்னார்களாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாணவிக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரித்து, அந்த அம்மாள் வீட்டைத் தேடிப் போனார். திட்டுவார், விரட்டுவார் என்று பயந்துகொண்டே போனார்.

அந்த அம்மாள் திட்டவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நீ நல்லதுதான் எழுதினே பாப்பா. எம்பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. பொய் ஒண்ணும் இல்லை. ஆனா நான் உன்கிட்டதானே பேசினேன்? ஊர்கிட்ட பேசலையே!"

காப்பி டம்ளரை வைத்துவிட்டு மாணவி விம்மி விம்மி அழுதார். அழுத பெண்ணைத் தேற்றும் வேலையும் அந்த அம்மாளுக்கே வந்து சேர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

அழுதால் வண்டி திரும்பி வருமா?

மறுநாள் வாத்தியாரிடம் போனார் மாணவி. நடந்ததைச் சொன்னார்.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். 2014-ம் வருஷச் சட்டத்தைப் படிச்சியா?" என்று கேட்டார் அவர்.

சாலையோர வியாபாரிகள் பாதுகாப்புக்காக 2014-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய சட்டம் ஒன்று இருக்கிறது. மாணவி ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தார். சாலையோர வியாபாரிகளும், அவர்களிடம் வாங்கிச் சாப்பிடும் நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் அதில் உண்டு.

வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றவோ வெளியேற்றவோ வேண்டுமானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

உரியவர் வந்து கேட்டால், கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றப் பொருள்களை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். அதற்கு உண்டான கட்டணத்தைக் கட்ட வேண்டும்.

வியாபாரக் குழுவில் 100-க்கு 40 பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

சட்டம் வருவதற்கு முன்பே, 1989-ல், சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது: தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைதான், ஆனால் அதற்குக் கட்டுப்பாடும் உண்டு.

மாணவி மறுபடி அந்த அம்மாள் வீட்டுக்கு ஓடினார்.

"அக்கா, உங்ககிட்ட கார்டு ஏதாவது இருக்கா? கணக்கெடுக்க வந்தவங்க ஏதாவது கொடுத்தாங்களா?"

அந்த அம்மாள் யோசித்தார். பரண் மேல் இருந்த அரிசி டின்னை இறக்கினார். உள்ளே பிளாஸ்டிக் கவரில் ஒரு அட்டை! போட்டோவோடு கூடிய வியாபாரி அடையாள அட்டை. பத்திரமாக வைத்தால் போதும் என்று வைத்துவிட்டார். யாரிடமும் காட்டியது இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மனு

மாணவி வெள்ளைத் தாளில் மனு எழுதினார். அட்டையின் ஜெராக்ஸ் இணைத்தார். இருவரும் ஒரு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனார்கள்.

வாசல் வரை வந்த அந்த அம்மாளுக்குக் கால் நடுங்கியது. "நீயே போய்க் குடுத்துடேன் பாப்பா" என்றார்.

"இல்லக்கா. உங்க வண்டி. நீங்கதான் கேக்கணும். நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார் மாணவி.

போன தடவை இவர் அந்த அம்மாளுக்காகப் பேசினார். இந்தத் தடவை அந்த அம்மாளே பேசினார். அதுதான் வித்தியாசம்.

மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கினார்கள். கட்டணம் கட்டினார்கள். புதன்கிழமை வண்டி வெளியே வந்தது. ஒரு சக்கரம் கோணல். இட்லி குண்டானில் பெரிய ஒடுக்கு. அரிசி வரவே இல்லை. அடுப்பு பற்றவைக்காமல் போன நாள் மொத்தம் ஒன்பது. அந்த வருமானமும் போனது போனதுதான்.

சட்டம் இருந்ததால் வண்டி வந்தது. ஆனால் சட்டம் இருப்பது தெரியாததால் ஒன்பது நாள் அடுப்பு அணைந்து கிடந்தது!

கடைசி இதழ்

மார்ச் மாதக் கடைசி. பயிற்சிப் பத்திரிகையின் கடைசி இதழ் தயாராகிக்கொண்டிருந்தது.

மாணவி இரண்டாவது செய்தி ஒன்றை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். தலைப்பு: 'நான் கேட்காமல் விட்ட கேள்வி'.

அந்த அம்மாளின் பெயர் இல்லை. இடம் இல்லை. படம் இல்லை. முதல் செய்தியில் தான் செய்த தவறு என்ன, வண்டி எப்படிப் போனது, எப்படி வந்தது, சட்டத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் இருந்தது.

தோழிகள் பதறினார்கள். "லூசா நீ? இன்டர்வியூவுக்கு இந்தப் பேப்பரைத்தானே காட்டணும்? நான் தப்புப் பண்ணேன்னு நீயே அச்சடிச்சுக் காட்டுவியா? முதல் செய்தியை மட்டும் வெச்சுக்கோ. சூப்பரா இருக்கு!"

வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. "உன் பேர், உன் பைல். நீதான் முடிவு பண்ணணும்" என்று நகர்ந்துவிட்டார்.

அன்று ராத்திரி மாணவி செய்தியை அப்பாவிடம் கொடுத்தார். படித்துப் பார்க்கச் சொன்னார்.

28 வருடம் பேப்பர் போட்டவர். எல்லாப் பேப்பரையும் டீக்கடையில் உரக்கப் படிக்கிற மனிதர். மகள் எழுதியதைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு கேட்டார்:

"எனக்கு வாடிக்கை எப்படி நிக்குதுன்னு தெரியுமா கண்ணு?"

மகள் விழித்தார்.

"இருட்டுல போடுறோம். சில நாள் கை மாறிடும். இந்த வீட்டுப் பேப்பரை அந்த வீட்டுல போட்டுடுவேன். பாதி வழியில ஞாபகம் வரும். வண்டியைத் திருப்பிகிட்டுப் போய் மாத்திப் போட்டுட்டு வருவேன். அவங்க எழுந்திருக்கறதுக்குள்ளே முடிஞ்சா சரி. முடியலைன்னா பெல் அடிச்சு, 'தப்பா போட்டுட்டேம்மா'ன்னு சொல்லிக் குடுப்பேன். சொல்றதுல என்ன குறைஞ்சு போச்சு? இன்னிவரைக்கும் அந்த 110 வீடும் அதனாலதான் நிக்குது."

அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"போடு. ரெண்டையும் பைல்ல வை."

இன்டர்வியூ

ஏப்ரலில் பரீட்சை. நடுவே ஒரு நாள், தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் இன்டர்வியூ. பயிற்சி உதவி ஆசிரியர் வேலை. முதல் ஆறு மாதம் 12,000 ரூபாய்தான்.

இங்கிலீஷில் வந்த ஒரு செய்தியைக் கொடுத்து அரை மணியில் தமிழில் எழுதச் சொன்னார்கள். ஆறு வார்த்தையில் தலைப்புப் போடச் சொன்னார்கள். ஒற்றுப் பிழை நிறைந்த ஒரு பக்கத்தைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். அதில் இரண்டு பிழையை விட்டுவிட்டார்.

பிறகு செய்தி ஆசிரியர் பைலைப் புரட்டினார். முதல் செய்தியைப் படித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவது செய்தியைப் படித்தார். நிமிர்ந்தார்.

"ஏம்மா, இதை எதுக்கு வெச்சிருக்கே? முதல் செய்தியோட நிறுத்தியிருந்தா உன்னை இன்னும் கெட்டிக்காரின்னு நினைச்சிருப்பேனே?"

மாணவிக்குத் தொண்டை வறண்டது. மனப்பாடம் செய்து போன பதில் எல்லாம் மறந்துவிட்டது.

"எங்கப்பா பேப்பர் போடறவர் சார். வீடு மாத்திப் போட்டுட்டா, திரும்பிப் போய் மாத்திட்டு வருவார்" என்றார்.

செய்தி ஆசிரியர் சிரிக்கவில்லை. பைலை மூடிக் கையில் கொடுத்தார்.

"ஒற்றெழுத்தை ஒழுங்காப் படிச்சுட்டு வா. கடிதம் வரும்" என்றார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது!

வீட்டில் கணக்கு

கடிதம் வந்தவுடன் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. 18,000 எங்கே, 12,000 எங்கே? மாதம் 6,000 ரூபாய் துண்டு விழுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் தரையில் உட்கார்ந்து பழைய நோட்டில் கணக்குப் போட்டார்கள். சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டி, அடகை இன்னும் ஒரு வருடம் நீட்டுவது. தம்பி அரசுக் கல்லூரிக்கே மனுப் போடுவது. மகள் வேலைக்குப் போகும் முன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது. இப்படி முடிவானது.

அம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "ராத்திரி ஷிப்டுன்னா அப்பாதான் வந்து கூட்டிகிட்டு வரணும்."

"அதுக்கென்ன? இவ ராத்திரி வேலை முடிச்சு வர்ற நேரம்தான் எனக்குக் கட்டு வர்ற நேரம்!" என்றார் அப்பா.

வீடே சிரித்தது.

18,000 ரூபாயை வேண்டாம் என்றது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா? அந்த வேலைக்குப் போன தோழி முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு பிரிட்ஜ் வாங்கித் தருவதாக இருக்கிறார். அதுவும் நல்ல காரியம்தான். அவளைப் பார்த்தால் தனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு என்று மாணவி ஒளிக்காமல் சொல்கிறார்.

"ஒரு வருஷம் பார்ப்போம்னு அப்பா சொல்லியிருக்கார். ஒரு வருஷம் நிக்கிறேன். அப்புறம் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டுக்கிறேன்" என்கிறார்.

சம்மதம்

கடைசிப் பரீட்சை முடிந்த சாயங்காலம். மற்ற மாணவிகள் வெள்ளைச் சட்டையில் கையெழுத்து வாங்கி, கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். இவர் கொஞ்ச நேரம் அவர்களோடு அழுதுவிட்டு பஸ் ஏறினார். பஸ் பாஸ் இன்னும் சில நாள் செல்லும்.

அந்தப் பஸ் நிறுத்தத்தில் இறங்கினார். தள்ளுவண்டி நின்றது. கோணல் சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தது. அடையாள அட்டை இப்போது அரிசி டின்னில் இல்லை. எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வண்டியின் முன் கம்பியில் தொங்கியது!

"வா பாப்பா. பரீட்சை முடிஞ்சுதா?" என்று தட்டை நீட்டினார் அந்த அம்மாள். நாலு இட்லி. காசு வாங்க மாட்டேன் என்றார். மாணவி டப்பாவில் போட்டுவிட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் பேச்சை எடுத்தார் மாணவி.

"அக்கா, உங்க கதையையும் என் கதையையும் சாயங்காலப் பேப்பர்ல போடணும்னு கேக்கறாங்க. போடலாமா? நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

அந்த அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு ஈடு இட்லி எடுத்தார். மறு ஈடு ஊற்றினார். மூடியைப் போட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

யோசித்தார். மூன்று நாள் யோசித்தார். நாலாவது நாள் சம்மதம் சொன்னார். அதற்கு அவர் போட்ட நிபந்தனையால்தான் மாணவியின் பெயர், கல்லூரியின் பெயர், பஸ் நிறுத்தத்தின் பெயர் எதுவும் இந்தச் செய்தியில் இல்லை.

"என் பேரு போடாதே. உன் பேரும் போடாதே, அதை வெச்சுக் கண்டுபிடிச்சுடுவாங்க. இடத்தைப் போடாதே. கார்டை எடுத்து மாட்டி வைங்கன்னு மத்தவங்களுக்குச் சொல்லு. அப்புறம்..."

"அப்புறம் என்னக்கா?"

"இட்லி நல்லாருக்கும்னு போடு!"